கட்டைவிரல் எழுந்த வாரம்

நோயாளிக்கு மருந்து கொடுக்க ஒரு டாக்டர் போதும். யோசனை சொல்ல ஊரே வரும். நான் எழுந்து நடமாடத் தொடங்கியதிலிருந்து, இங்கே அமெரிக்காவில், மில்பிடாஸ் மளிகைக் கடையில் புளி எடுக்கப் போனால்கூட யாராவது ஓர் ஆன்ட்டி நிறுத்தி, "உனக்கு வந்துச்சே, அது என்னம்மா?" என்று கேட்கிறார். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அவ்வளவு நேரம் நிற்க என் கால்களும் இன்னும் சம்மதிப்பதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்டவர்கள் எல்லோரும் படித்துக்கொள்ளலாம்.

தொண்ணூற்றேழாம் வருடம், இலை உதிர ஆரம்பித்த நேரம். வீட்டில் மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அது சரியாகி இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினேன். கழற்றிய பிறகும் போட்டிருப்பது போலவே இருந்தது. எனக்கு சர்க்யூட் போர்டுகளை டெஸ்ட் பண்ணுகிற வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். ஷூ சரியில்லை என்று நினைத்துப் புது ஷூ வாங்கினேன். மறுநாள் காரில் பிரேக்கை மிதித்தபோது கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த காலை எங்கள் மகள் நிலாவை டேகேரில் விடப் போய், வாசல் படியில் கால் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு அப்போது நாலு வயது.

"அம்மா, கெட் அப். பீப்பிள் ஆர் லுக்கிங்," என்றாள்.

எழுந்திருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

எமர்ஜென்சியில் ஓர் இளம் டாக்டர் சின்னச் சுத்தியால் என் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். பிறகு கணுக்காலில். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகக் காணாமல் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுத்தண்டிலிருந்து ஊசியில் நீர் எடுத்தார்கள். சாயங்காலம் நரம்பு டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்னார், நோயின் பெயர் கியான்-பாரே. உடம்பில் கிருமியை அடிக்கக் கிளம்பிய படை, கிருமி போன பிறகும் கலையாமல், நரம்பைச் சுற்றியிருக்கும் உறையையே எதிரி என்று நினைத்து அரித்துவிடுமாம். ஒயரின் மேல்தோல் உரிந்தால் கரண்ட் ஒழுங்காகப் போகுமா? அதேதான். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். ஓரிடத்தில் நிற்கும். பிறகு இறங்கும். ஏறுவதற்கு நாள் கணக்கு, இறங்குவதற்கு மாதக் கணக்கு. நெஞ்சு வரை ஏறினால் மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டிவரும்.

என் வீட்டுக்காரர் பழனிச்சாமி சிப் டிசைன் பண்ணுகிறவர். எதைக் கேட்டாலும் படம் போட்டு விளக்குவார். அன்றைக்கு ஒன்றும் போடவில்லை. என் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐ.சி.யூ.வில் கையில் ஊசி வழியாக ஐந்து நாள் மருந்து ஏறியது. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து என்றார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நன்றாக இருக்கட்டும். நடுநடுவே ஒருவர் வந்து ஒரு குழாயில் ஊதச் சொல்வார். அதோடு, மூச்சு விடாமல் எத்தனை வரை எண்ண முடிகிறது என்றும் பார்ப்பார்கள். இங்கிலீஷில் எண்ணினால் பாதியிலேயே மூச்சு முட்டியது, தமிழில் எண்ணினேன். நர்ஸுக்குப் புரியாது என்பதால் எங்கே நிறுத்தினேன் என்று இவரைக் கேட்பாள். இவர் கூசாமல் ரெண்டு சேர்த்துச் சொன்னார்.

"ஏனுங்க, இது என்ன பரீட்சை மார்க்குங்களா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினேன்.

"கம்மியாச் சொன்னா கொழாய் வெச்சுருவாங்க புள்ள," என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

எனக்கும் பயம்தான். செத்துப்போவதைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. தொண்டையில் குழாய் வைத்தால் நிலாவோடு போனில் பேச முடியாதே என்றுதான் பயந்தேன். தினமும் ராத்திரி அவள் போனில் சொல்கிற கதைக்கு "ம்" கொட்டாவிட்டால் அவள் தூங்க மாட்டாள். நோய் என் விலா எலும்புக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. குழாய் வைக்கவில்லை. எந்தச் சாமி செய்த புண்ணியமோ, எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டதால் தனித்தனியாகச் சொல்லத் தெரியவில்லை.

அங்கிருந்து பக்கத்து ஊரான சான் ஹோசேயில், பயிற்சி கொடுத்துத் தேற்றுகிற ரீஹாப் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். கை ஓரளவு வந்திருந்தது. ஸ்பூன் பிடிப்பேன், பட்டன் போட மாட்டேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் வாரத்துக்கு வாரம்தான் அனுமதி தருவார்கள். அந்த வாரம் முன்னேற்றம் தெரிந்தால்தான் அடுத்த வாரம். அது வெள்ளிக்கிழமைதான் தெரியும். மற்றபடி குறையில்லை. தெரிந்த தமிழ்க் குடும்பத்தார் முறைவைத்து நிலாவை அழைத்துக்கொண்டு போனார்கள், முறைவைத்துச் சாம்பார் அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் அத்தனை வீட்டுச் சாம்பாரைச் சாப்பிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், மில்பிடாஸில் பெருங்காயத்துக்குப் பஞ்சமில்லை.

பயிற்சிக் கூடத்தில் கட்டில் உயரத்துக்கு அகலமான மெத்தைகள் போட்டிருக்கும். என் மெத்தைக்கு அடுத்த மெத்தையில் ஒரு கறுப்பு இளைஞர் படுத்திருந்தார். மெலிந்த உடம்பு, வலது காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரை இரும்புச் சட்டம். எங்கள் இரண்டு பேருக்கும் பயிற்சி கொடுத்தவள் கரோல். நடுவில் நின்றுகொண்டு, "ரெண்டு பேரும் கால்விரலை மூக்கைப் பாத்துத் தூக்குங்க," என்பாள். நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவோம். புருவம் தூக்கும், தோள் தூக்கும். பாதம் மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

"நல்ல வேளை, எனக்குத் துணைக்கு ஆள் இருக்குதுங்க மேடம்," என்றார் அவர் முதல் நாளே. பெயர் லெஸ்டர். டெக்சாஸ்காரர். வரிக்கு வரி 'மேடம்' போட்டுத்தான் பேசுவார். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து 'ங்க' மாதிரி அது அங்கே மரியாதை. ஆகவே அவர் பேசிய இங்கிலீஷை நான் 'ங்க' போட்டே எழுதுகிறேன். அவர் பேசியது எனக்கு அப்படித்தான் கேட்டது.

அவர் தொழில்முறை ஃபுட்பால் ஆட்டக்காரர் என்று கரோல்தான் சொன்னாள். அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள், விளம்பரம் வரும், மறுபடி விழுவார்கள். நிலா ஒரு நாள் வந்தபோது அவரிடம் போய், "ஆர் யூ ஃபேமஸ்?" என்று கேட்டாள். "எங்க அம்மாகிட்ட கேட்டா ஆமான்னு சொல்லுவாங்க," என்றார் லெஸ்டர். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவருடைய கதை பயிற்சிக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. அப்பா கோழிப்பண்ணை லாரி ஓட்டினார். பையன் ஒல்லி என்று பெரிய காலேஜ் எதுவும் கூப்பிடவில்லை. சின்னக் காலேஜில் ஆடினார். காலேஜ் ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கிற நாள் ஒன்று வருடா வருடம் உண்டாம். வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கடைசிப் பெயர் வரை இவர் பெயர் வரவில்லை. பிறகு ஒரு கிளப் வந்து ஆடிக் காட்டச் சொல்லி, ஒரு மாதத்தில் அனுப்பிவிட்டது. மறு வருடம் இன்னொன்று, அதுவும் அப்படியே. மூன்றாவது கிளப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டது. வாரம் முழுக்க மற்றவர்களோடு மோதி அடி வாங்குவார், ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார். அதற்கடுத்த வருடம் இங்கே வந்துதான் ஆட்டத்தில் இறங்கினார். நாலு வருடமாக இறங்கிக்கொண்டிருந்தார். கன்ஃபர்ம் பண்ணாமல் இழுத்தடிக்கிற வேலை என்றால் என்னவென்று விசாவில் வந்த எங்களுக்குத் தெரியாதா? அந்த இடத்தில் நான் அவரோடு நன்றாக ஒட்டிக்கொண்டேன்.

"அப்ப ஓடிப்போய் பந்தைப் பிடிக்கறதுதான் உங்க வேலைங்களா?" என்று கேட்டேன். வைட் ரிசீவர் என்று அதற்குப் பெயர். வரிசையின் கடைசியில் ஓரமாக நிற்பவர்.

"பந்தைப் பிடிக்கறது கடைசி அரை செகண்டுங்க மேடம். அதுக்கு முன்னாடி பூராவும் பொய் சொல்றதுதான் வேலை."

எதிரே ஒருவன் இவரைத் தடுக்கவே நிற்பான். அவனை இடது பக்கம் நம்பவைத்துவிட்டு இவர் வலது பக்கம் திரும்ப வேண்டும். இவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பியிருக்கும், ஆளில்லாத இடத்துக்கு. திரும்பும்போது அது அங்கே இருக்கும் என்று நம்பி ஓட வேண்டும். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் பஸ் உள்ளே நுழையும்போதே அது எங்கே வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு ஓடுகிற ஆட்களை நினைத்துக்கொண்டேன்.

"கண்ணு பொய் சொல்லும், தோளு பொய் சொல்லும். கால் மட்டும் பொய் சொல்லாதுங்க," என்றார். "எங்க திரும்பப் போறமோ அங்கதான் ஊனியாகணும். அதனால எதிராளி மூஞ்சிய நான் பாக்கவே மாட்டேன். கால மட்டுந்தான் பாப்பேன்."

அப்படி ஊன்றித் திரும்பிய ஒரு நொடியில்தான் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதியிருக்கிறான். முழங்கால் மூட்டே விலகிவிட்டது. கிழிந்த ரத்தக்குழாயை அன்றைக்கே தைத்தார்கள், தசைநார்களைப் பிறகு தைத்தார்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கச் சொல்வது அதுதான். அது இழுபட்டுவிட்டது. அதைத் தைக்க முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். பாதம் தூக்காதவர் படி ஏறவே காலை வீச வேண்டும், அப்புறம் எங்கே ஓடுவது? ஊசி வைத்துப் பார்க்கிற கரண்ட் டெஸ்ட் ஒன்றுக்குக் கிளப் டாக்டர் நாள் குறித்திருந்தார். நரம்பு உயிரோடு இருக்கிற அடையாளம் ஒரு துளி தெரிந்தாலும் அடுத்த வருடம் வரை காத்திருப்பார்கள். தெரியாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். இருபத்தெட்டு வயது. அந்த ஓட்டத்தைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. அதை அவரே சொன்னார், வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் அம்மாவுக்கு விமானம் என்றால் பயம். கிளப் நண்பர்களுக்கு சீசன் நடந்துகொண்டிருந்தது. அதனால் அவரைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கில் கொண்டுவருகிற கொள்ளு ரசத்தில் அவருக்கும் ஒரு பங்கு என்று ஆனது. அது குதிரைக்குப் போடுவது என்று ஒரு நாள் சொன்னேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியையும் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னேன். "குதிரை வேகமாத்தானே ஓடுது, ஊத்துங்க," என்று டம்ளரை நீட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் என் அறையில் உட்கார்ந்து எனக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி எட்டு வருடத்தில் இவர் செய்வார் என்று நான் நினைத்தே பார்க்காத வேலை. வேஷ்டித் துண்டை மடியில் விரித்து, என் பாதத்தை அதன்மேல் வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு சிப் டிசைன் போலவே கவனமாக வெட்டினார்.

"ஆட்டாத புள்ள," என்றார்.

"நான் ஆட்டலீங்க," என்றேன்.

நகவெட்டி அந்தரத்தில் நின்றது. "மறுக்கா பண்ணு," என்றார், குரலே வராமல். நினைத்தேன். இடது கட்டைவிரல் ஒரு நூல் அளவு மேலே வந்து விழுந்தது. இவர் நகவெட்டியைக் கீழே போட்டுவிட்டு, என் பாதத்தில் நெற்றியை வைத்து அழுதார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அழுது முடித்துத் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர் சொன்ன முதல் வார்த்தை: "யாருகிட்டயும் சொல்லிராத. கண்ணு பட்டுரும்."

அமெரிக்காவில் எம்.எஸ். படித்தவர். ராகு காலம் பார்க்காமல் ஆபீஸில் ஒரு டெஸ்ட் ஓட்ட மாட்டார் என்பது அவர் மேனேஜருக்குத் தெரியாது. நல்லது நடந்தால் நிலைத்த பிறகுதான் வெளியே சொல்ல வேண்டும், அதுவும் அது கிடைக்காதவர் முன்னால் சொல்லவே கூடாது என்பது அவர் கட்சி. குழந்தை உண்டானதையே ஐந்து மாதம் கழித்துத்தான் சொல்லவிட்டார். "அதுவுமில்லாம, பாவம் புள்ள, அந்தப் பையன். அவனுக்கு இன்னும் ஒண்ணும் வல்ல. நீ அவன் முன்னாடி ஆட்டிக் காட்டுனா அவன் மனசு என்ன பாடுபடும்? இந்த அமாவாசை போகட்டும்."

கண்ணு என்பதை நான் பாதிதான் நம்புவேன். பையன் மனசு என்ற பக்கத்துக்குத்தான் ஒத்துக்கொண்டேன். மறுநாள் கூடத்தில் கரோல் தூக்கச் சொன்னபோது புருவத்தை மட்டும் தூக்கினேன். மெத்தையில் போர்வை வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பாதத்தை மூடிக்கொண்டேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே ஓட்டினேன். கரோல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எதையோ எழுதினாள். வெள்ளிக்கிழமை வரப்போகிறது, முன்னேற்றம் இல்லை என்று இவள் எழுதிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்பது எனக்குப் புதன் சாயங்காலம்தான் உறைத்தது. கண்ணுக்குப் பயந்து கட்டிலையே இழக்கிறவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

வியாழக்கிழமை கரோல் வேறு யாரையோ பார்க்க நகர்ந்தபோது, கூரையைப் பார்த்துப் படுத்திருந்த லெஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், உங்க இடது கால் பொய் சொல்லுதுங்க."

நான் போர்வையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"திங்கக்கெழமையே பாத்தேன். போர்வை போடறதுக்கு முன்னாடி. கட்டைவிரல் நரம்பு பாதத்து மேல கயிறாட்டம் எந்திரிச்சுது, நீங்க புடிச்சு அமுக்கினீங்க. தூக்க முடியாத காலுக்கும் தூக்காம வெச்சிருக்கற காலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுங்களா? எனக்குச் சோறு போட்டதே அதுதான்."

வெட்கத்தில் எனக்கு முகம் சூடாகிவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இவர் நகம் வெட்டியது, அமாவாசை, கண்ணு. கண்ணு என்பதை இங்கிலீஷில் சொல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"என் கண்ணு பட்டுக் கால் போகும்னா, என்னைத் தடுக்க நின்னவன் ஒருத்தனும் இந்நேரம் நடக்க முடியாதுங்க," என்றார். இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம். மெத்தையே குலுங்கியது. அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முழங்கையை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"காட்டுங்க மேடம். நான் பாக்கணும்."

போர்வையை விலக்கினேன். தூக்கினேன். இப்போது நூல் அளவில்லை, விரல் முழுதாகவே எழுந்தது. அவர் மூச்சுவிடாமல் பார்த்தார். மறுபடி, மறுபடி என்று கேட்டார். தூக்குவதற்கு முன்னால் உள்ளே எப்படி இருந்தது, அரித்ததா, சுட்டதா, எறும்பு ஊர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தனை நாளும் அவர் எதற்காகக் காத்திருந்தாரோ, அது எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்ல ஆளே இல்லை. நான் அதைப் போர்வைக்குள் வைத்து மூடியிருந்திருக்கிறேன்.

கரோலிடம் அன்றைக்கே காட்டிவிட்டோம். முதலில் முறைத்தாள், பிறகு என் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டாள். கண்ணு படுவதென்றால் அன்றைக்கே பட்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "கண்டுபிடிச்சுட்டானா," என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் லெஸ்டருக்கு டெஸ்ட். கூட யாராவது இருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு, என்னை அழைத்துப் போனார். எங்கள் சக்கர நாற்காலிகள் இரண்டையும் கரோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டுபோய் விட்டாள். மெல்லிய ஊசி ஒன்றைச் சதைக்குள் வைப்பார்கள். அதிலிருந்து ஒயர் ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியில் ஸ்பீக்கர் இருக்கும். சதையில் நடப்பதைக் காதால் கேட்கலாம். டாக்டர் வலது முழங்காலுக்குக் கீழே ஊசியை வைத்தார். ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம் வந்தது, தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி.

லெஸ்டர் என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "லெஸ்டர், இது நல்ல சத்தம் இல்லை," என்றார். நல்ல சதை சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும். நரம்பு அறுந்துபோன சதைதான், சொல்ல ஆளில்லாமல், தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். இது அந்தத் துடிப்பு. "இப்போ பாதத்தைத் தூக்கப் பாருங்க," என்றார். லெஸ்டர் கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கினார். தூறல் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. ஊசியை இன்னும் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தார் டாக்டர். எல்லா இடத்திலும் அதே.

டாக்டர் ஊசியை எடுத்ததும் லெஸ்டர் கேட்டார்: "இடது காலில ஒரு தடவை வைக்கிறீங்களா டாக்டர்? கேக்கணும்."

வைத்தார். ஸ்பீக்கர் அமைதியாக இருந்தது. "தூக்குங்க" என்றதும் மாவு மில் ஓட ஆரம்பித்த மாதிரி அறை முழுக்க இரைச்சல். லெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பாதத்தைத் தூக்கியபடியே வைத்திருந்தார். டாக்டரும் நிறுத்தச் சொல்லவில்லை. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. என் பிடியில் அப்போது பலமில்லை, ஆனாலும் விடவில்லை. எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் நெஞ்சு வலித்திருக்கும்.

அவர் பாதம் அதன் பிறகும் திரும்பி வரவில்லை. கிளப் அவரை விடுவித்தது. ஆட்டக்காரர்களை அனுப்புவதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை அதுதான். இப்போது அவர் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரிசீவர் பையன்களுக்குக் கோச். ஷூவுக்குள் பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார். பையன்களின் கால் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிறாராம். நான் வசந்தத்தில் வேலைக்குத் திரும்பினேன். நோயைப் பற்றிக் கேட்கிற ஆன்ட்டிகளுக்கு இவ்வளவு போதும். ஆனால் டெஸ்டுக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

டெஸ்டில் நடந்ததை அன்று மாலை இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஸ்டேடியத்துல எத்தன பேரு உக்காருவாங்க புள்ள?"

"நெறையப் பேருங்க. டிவில வேற பாப்பாங்க."

"அத்தன பேரு கண்ணும் அந்தக் கால் மேல. வருசக் கணக்கா. ஒருத்தரும் சுத்திப் போட்டிருக்க மாட்டாங்க," என்றார். லெஸ்டரின் கண்ணுக்குப் பயந்து என் விரல் அசைந்ததை மறைக்கச் சொன்னவர் இவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு டப்பாவில் கல் உப்பும் வரமிளகாயும் கடுகும் எடுத்துக்கொண்டு வந்தார். மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தோட்டத்துக்கு எங்கள் இரண்டு நாற்காலிகளையும் தள்ளிக்கொண்டு போனார். லெஸ்டரின் நாற்காலியைக் கிழக்கே பார்த்துத் திருப்பிவைத்தார். டப்பாவில் இருந்ததைக் கை நிறைய அள்ளிக்கொண்டார். வெளியாளுக்கு, அதுவும் வெள்ளைக்கார ஊரில், பட்டப்பகலில் இதைச் செய்கிறோமே என்ற கூச்சம் எனக்கே இருந்தது.

லெஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். "இதைச் செஞ்சா என் பாதம் வருமா சார்?"

இவருக்குப் பொய் சொல்ல வராது என்று சொல்ல மாட்டேன். ஐ.சி.யூ.வில் எனக்காக எண்ணிக்கையையே கூட்டிச் சொன்னவர். ஆனால் இப்போது சொல்லவில்லை.

"வராதுங்க. பட்டது பட்டதுதான். இனிமேல் படாம இருக்கறதுக்கு."

"இனிமேல் என்னை யாரு சார் பாக்கப் போறாங்க?" என்றார் லெஸ்டர்.

இவர் மூடின கையோடு அவருக்கு முன்னால் வந்தார். பிறகு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோனது போல, தமிழிலேயே சொன்னார்: "ஏனுங்க தம்பி, நாங்க பாப்பமில்லீங்க."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். லெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் வலப்பக்கமாக மூன்று சுற்று, இடப்பக்கமாக மூன்று சுற்று சுற்றினார். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, ஸ்டேடியத்துக் கண்ணு, டிவிக் கண்ணு என்று வாய்க்குள் முணுமுணுத்தார். தொங்குகிற அந்தப் பாதத்துக்கு அருகே குனிந்து அங்கேயும் ஒரு சுற்று சுற்றினார். கடைசியில் கையை லெஸ்டரின் வாயருகே கொண்டுபோய், துப்ப வேண்டும் என்று ஜாடை காட்டினார்.

லெஸ்டர் மூன்று முறை துப்பினார்.